ஆறு ஸ்பேடு

“என்ன சர்வேயர் சார், டீ ஆறி அவலாப் போச்சு. ஏதாவது ஒண்ணு சொல்லுங்க” என்றார் பல் டாக்டர்.

சர்வேயர் கையிலிருந்த சீட்டுகளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கிளப்பின் பிரிட்ஜ் போட்டியில் இறுதி ஆட்டம், கடைசிக் கை. எதிரே ஜோடியாக அவர் மனைவி; இரு பக்கமும் எதிர் ஜோடியாகப் பல் டாக்டரும் அந்த டாக்டரின் மச்சானும்.

சீட்டுக்கட்டிலுள்ள நாலு ஏஸில் உன்னிடம் எத்தனை என்று, ஏலக் குறிப்பில் மனைவியைக் கேட்டிருந்தார். “அஞ்சு ஹார்ட்” என்றாள் அவள். இரண்டு இருக்கிறது என்று அர்த்தம்.

இனி ஐந்து ஸ்பேடோடு நிறுத்திக்கொள்ளலாம். அதற்கான பதினொரு பிடியை எடுத்தாலே கோப்பை. ஆறு கேட்டால் ஸ்லாம்; பதிமூன்றில் பன்னிரண்டு பிடி எடுத்தாக வேண்டும். ஒன்று குறைந்தாலும் கோப்பை கைநழுவிவிடும். ஆனால், ஜோடி அடித்துச் சொன்ன பிறகும் நிறுத்தினால், ‘உன்னை நான் நம்பவில்லை’ என்று நாலு பேர் முன்னால் சொன்ன மாதிரிதான்.

காலமெல்லாம் நிலம் அளந்தவர். அரை அடி பிசகினாலும் தூக்கம் வராது. கிளப்பில் அவருக்குக் ‘கால்குலேட்டர்’ என்று பட்டப்பெயர். அதில் மனுஷருக்கு உள்ளூரக் கர்வமும் உண்டு.

நிமிர்ந்து பார்த்தார். மனைவி தெம்பாகச் சிரித்தாள். அவர் தன் சீட்டுகளை மூடிப் பிடித்துக்கொண்டார்.

“ஆறு ஸ்பேடு.”

பல் டாக்டர் ஒரு ஏஸை இறக்கினார். ஆட்ட முறைப்படி மனைவி தன் சீட்டுகளை மேஜையில் பரப்பினாள். இரண்டு ராஜாக்கள் இருந்தன. ஏஸ் ஒன்றுகூட இல்லை.

“ரெண்டு ஏஸ்னு சொன்னீங்களே மேடம்?” என்றார் மச்சான்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. சர்வேயர் முந்திக்கொண்டார். “அவ சரியாத்தான் சொன்னா. இன்னிலேருந்து ஏஸுக்குப் பதிலா ராஜாவை எண்ணிச் சொல்றதுன்னு காலையில பேசி வச்சோம். நான்தான் மறந்து தொலைச்சேன்.”

அவள் ஒரு கணம் விழித்தாள். பிறகு, “ஆமா... பேசினோமே” என்றாள்.

பல் டாக்டர் அடுத்து ராஜாவையும் இறக்கினார். இரண்டு பிடி போயிற்று. “தோத்தாச்சு” என்று சர்வேயர் மிச்சச் சீட்டுகளைக் கட்டோடு கலந்துவிட்டார்.

“கால்குலேட்டருக்கு பேட்டரி போயிடுச்சு” என்று மச்சான் சொல்ல, அறையே சிரித்தது. சர்வேயரும் சிரித்துவைத்தார். வலிக்கத்தான் செய்தது.

காரில் அவள் மெல்ல ஆரம்பித்தாள். “என்னங்க, சொன்னா கோவிச்சுக்கக் கூடாது.”

“சொல்லு.”

“காலையில பேசினதையே மறக்கறீங்கன்னா இதை லேசுல விடக் கூடாது. மறதிக்குன்னே டாக்டர் இருக்காங்களாம். ஒரு தடவை போய்க் காட்டிடலாம்.”

“எனக்கு பயமா இருக்கு. நீயும் கூடவே காட்டிக்கிறதா இருந்தா வரேன்.”

“சின்னப் பிள்ளை கெட்டுது போங்க. சரி, ரெண்டு பேருமே காட்டிக்குவோம்” என்று அவர் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

அந்த டாக்டரிடம் வா என்று அவர் மாதக்கணக்கில் கெஞ்சியும் மசியாதவள் அவள். காலையில் அவர்கள் சீட்டைப் பற்றிப் பேசவே இல்லை. இரண்டு ஏஸ் என்று அவள் சொன்னபோது, அவர் கையிலேயே மூன்று இருந்தன.