பதினாலாம் நம்பர் வீடு

"அக்கா, இன்னிக்கு அஞ்சு மணியோட எங்க கான்ட்ராக்ட் முடியுது. அதுக்கப்புறம் நீங்களே ஆள் பிடிச்சு, நீங்களே வண்டி பிடிச்சு அள்ளணும். ஒரே ஒரு கையெழுத்து. போட்டுடுங்களேன்!"

சூப்பர்வைசர் படிவத்தை நீட்டினார். பதினாலாம் நம்பர் வீட்டு இடிபாட்டின் மேல் குந்தியிருந்த அந்தப் பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஓட்டுச் சில்லுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஓரமாகப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"மெதுவா பேசுங்க தம்பி. காது நல்லாத்தான் கேக்குது."

வெள்ளம் வடிந்து இருபத்திரண்டு நாள் ஆகிவிட்டது. இடிந்த வீடுகளை அள்ளும் வேலையை நகராட்சி இவருடைய கம்பெனிக்குக் கொடுத்திருந்தது. வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டால்தான் மனைக்குள் பொக்லைன் இறங்கலாம். யாருமே இல்லாத வீடு என்றால் மட்டும் இன்ஜினியர் கையெழுத்தே போதும்.

தெருவில் இந்த ஒரு வீடுதான் பாக்கி. இதை முடித்தால்தான் சூப்பர்வைசர் ஊருக்குப் பஸ் ஏற முடியும். பிறந்து பத்து நாளான மகளை அவர் இன்னும் போனில்தான் பார்த்திருக்கிறார்.

எதிர் மனையில் காலி லாரி காத்து நின்றது. பக்கத்தில் பொக்லைன் டிரைவர் மொட்டை கொட்டாவி விட்டான்.

"என்ன சார், ஆச்சா? இல்ல, நான் ஒரு தூக்கம் போட்டு எந்திரிக்கவா?"

"வாயை மூடுடா மொட்டை!"

சூப்பர்வைசர் பேண்ட்டைப் பற்றிக் கவலைப்படாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அப்படி என்னதான்க்கா தேடுறீங்க? சொன்னா நாங்களும் தேடுவோம்ல. நகையா?"

"நகை போட்ட கழுத்து மாதிரியா தெரியுது?" என்று சிரித்தாள். "எது கிடைச்சாலும் சரிதான் தம்பி. உங்க இரும்புக்கை ஒரு வாய் அள்ளுச்சுன்னா, கல்லு எது, கரண்டி எதுன்னு அதுக்குத் தெரியுமா?"

"நாளைக்கு, நாளைக்குன்னு எட்டு நாளா இழுத்தடிக்கிறீங்க. இனிமே நாளைக்கே கிடையாது. உங்க நல்லதுக்குத்தானே சொல்றேன்? உங்க வீட்டு மேல எனக்கென்ன பகையா?"

அவள் கை ஒரு கணம் நின்றது.

"பகை இல்லப்பா. அவசரம்."

மறுபடி சில்லு பொறுக்க ஆரம்பித்தாள். சூப்பர்வைசரும் கெஞ்சிப் பார்த்தார், மிரட்டிப் பார்த்தார். கல்லில் நார் உரிப்பது போலத்தான் இருந்தது. மணி நாலரை ஆனதும் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டார்.

"மொட்டை, வண்டியை எடு. பதினாலு விட்டுப்போச்சுன்னு எழுதிக் கொடுத்துடறேன். வாங்கிக் கட்டிக்க வேண்டியதுதான்."

அப்போது ஓர் ஆட்டோ வந்து நின்றது. காலில் மாவுக்கட்டோடு ஒருவர் இறங்க, அவரைத் தாங்கிப் பிடித்தபடி அவர் மனைவி இறங்கினாள். இடிபாட்டைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"அக்கா! இன்னும் அள்ளலையா? எல்லாம் போயிருக்கும்னுல்ல முகாம்ல சொன்னாங்க!"

குந்தியிருந்தவள் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். பின்னாலிருந்து ஒரு சாக்கை இழுத்து வந்தாள்.

"அழாத. தையல் மெஷின் தலை கிடைச்சிருச்சு. உன் பிள்ளைங்க சர்டிபிகேட் டப்பாவும் இருக்கு. அந்த மூலையைத்தான் இன்னும் பாக்கல. வா, அரை மணி நேரம் இருக்கு."

பிறகு சூப்பர்வைசர் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, அந்தக் காகிதத்தை இவர்கிட்ட குடுங்க. வீட்டுக்காரர் இவர்தான்."

சூப்பர்வைசருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"அப்போ நீங்க? எட்டு நாளா ஏன்க்கா சொல்லல?"

"சொல்லியிருந்தா ஆளில்லாத வீடுன்னு அன்னிக்கே அள்ளியிருப்பீங்க."

"சரி... உங்க வீடு எது அக்கா?"

அவள் லாரி நின்ற வெறும் மனையைக் காட்டினாள்.

"நான் ஆஸ்பத்திரியில கண்ணு முழிக்கிறதுக்குள்ள, முதல் நாளே சுத்தமா அள்ளிட்டீங்களே தம்பி, அதுதான்."