சனிக்கிழமைத் தண்ணீர்

“சோறு போடுற பள்ளிக்கூடத்துக்கே குழி பறிச்சிட்டீங்களே மாஸ்டர்!”

தலைமையாசிரியை கத்திய கத்தலில், வராந்தாவில் போய்க்கொண்டிருந்த கணக்கு வாத்தியார்கூட நடையைக் குறைத்தார்.

நீச்சல் மாஸ்டர் நின்றுகொண்டிருந்தார். அவரை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

“உள்ளதைத்தான் எழுதினேன் மேடம்.”

“என்ன பெரிய உள்ளது? டி பிரிவுக்கு நீச்சலே கிடையாதுன்னா சொன்னோம்? சனிக்கிழமை கடைசி வகுப்பு குடுத்திருக்கோம்ல?”

“விஷயமே அதுதானே மேடம். வாரம் முழுக்க மத்த பிள்ளைங்க ஊறின தண்ணியில அவங்களை இறக்கறோம். அவங்க கரையேறின கையோட தண்ணியைத் திறந்து விட்டுடறோம். நல்ல தண்ணிய அவங்க கண்ணால பார்த்ததே இல்ல.”

“யாராவது கடைசியா இறங்கித்தானே ஆகணும்?”

“ஆகணும். அது ஏன் ஒவ்வொரு வாரமும் கறுப்பினத்துப் பிள்ளைங்களாவே இருக்கணும்?”

தலைமையாசிரியை சட்டென்று கதவைப் பார்த்தார். “மெதுவா பேசுங்க! இங்க யாரும் இனம் பார்க்கறதில்ல. மொழி சிரமம்னுதான் அவங்களை ஒரே பிரிவுல போட்டிருக்கோம்.”

மாஸ்டருக்குச் சுர்ரென்று ஏறியது. மொழி சிரமமாம்! தாத்தா காலத்திலேயே கப்பலேறி வந்த குடும்பங்கள். பிள்ளைகள் எல்லாம் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். வாயைத் திறந்தால் மாஸ்டரையே மடக்கிவிடுவார்கள்.

அவர் ‘சுறா’ என்று பட்டப்பெயர் வைத்திருந்த பெண் ஒருநாள் அப்படித்தான் கேட்டாள். “சார், நாங்க ஏறினதும் தண்ணியைக் கொட்டிடறீங்களே, எங்க கலர் மத்தவங்க மேல ஒட்டிக்கும்னா?”

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. விசிலும் கையுமாக அவர்களை அந்தத் தண்ணீரில் இறக்கிவிட்டுக்கொண்டிருந்தவர் அவர்தானே? அன்றைக்கே கல்வி அலுவலகத்துக்குப் புகார் எழுதிப் போட்டுவிட்டார்.

“இப்ப அதிகாரி விசாரிக்க வர்றாங்க” என்றார் தலைமையாசிரியை. “‘தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்’னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. இல்லைன்னா திங்கட்கிழமையிலிருந்து நீங்க இந்தப் பக்கமே வர வேண்டாம்.”

“வர வேண்டாம்னா வரல மேடம். அந்த வார்த்தை மட்டும் என் வாயில வராது.”

வீறாப்பாகச் சொல்லிவிட்டார். வீட்டில் மனைவிக்கு என்ன பதில் சொல்வது என்பது வெளியே வந்த பிறகுதான் உறைத்தது.

அதிகாரி வந்தார். நரைத்த கொண்டை, கஞ்சிபோட்ட சேலை. நேராகத் தலைமையாசிரியையின் அறைக்குள் போனவர் வெளியே வருவதாக இல்லை. உள்ளே ஜூஸ் போனது. கலகலவென்று சிரிப்புச் சத்தம் கேட்டது.

கணக்கு வாத்தியார் மெல்ல ஒட்டிக்கொண்டு நின்றார். “என்ன மாஸ்டர், சம்பந்தி வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கு? பேசாம துண்டையும் விசிலையும் எடுத்துப் பையில போடுங்க.”

மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டார். எல்லாம் ஒரே குட்டையில் ஊறியதுகள்!

கதவு திறந்தது.

“இங்க நீச்சல் மாஸ்டர் யாரு? வாங்க, குளத்தைப் பார்க்கலாம்.”

அது டி பிரிவின் வகுப்பு நேரம். பிள்ளைகள் தண்ணீரில் இருந்தார்கள். அதிகாரி குனிந்து ஒரு கை அள்ளினார். கலங்கல் தண்ணீர். கூடவே ஒரு முடிக்கற்றையும், யாரோ காயத்துக்கு ஒட்டிய பிளாஸ்திரியும் வந்தன. மூக்கருகே கொண்டுபோனவரின் முகம் மாறியது.

“இது குளமா, சாக்கடையா?”

“அது வந்து மேடம்...” தலைமையாசிரியை தடுமாறினார். “மத்த பெற்றோர்கள் ஆட்சேபணை...”

“எவன் ஆட்சேபிச்சா என்ன? தோலைப் பார்த்துத் தண்ணி விடுவீங்களா? இதுக்குப் பேரு பள்ளிக்கூடமா?” சுவரெல்லாம் எதிரொலித்தது. “திங்கட்கிழமையிலிருந்து டி பிரிவே கிடையாது. எல்லாப் பிள்ளைங்களும் கலந்து உட்காரணும், கலந்து இறங்கணும். அப்புறம் இன்னொண்ணு. இந்த மாஸ்டர் வேலையில கை வெச்சீங்க, பள்ளிக்கூடத்தையே இழுத்துப் பூட்டிடுவேன்!”

தலைமையாசிரியைக்கு முகத்தில் ஈயாடவில்லை. தண்ணீருக்குள் இருந்து சுறா ஓவென்று கூவினாள். மற்ற பிள்ளைகள் தண்ணீரை அறைந்து ஆர்ப்பரித்தார்கள்.

மாஸ்டர் கூனிக்குறுகிப் போனார். ஒரு கிளாஸ் ஜூஸையும் நாலு சிரிப்பையும் வைத்து இந்த அம்மாவை என்னவெல்லாம் நினைத்துவிட்டார்! வாசல் வரை பின்னாலேயே ஓடினார்.

“மேடம், உங்களை மாதிரி ஒருத்தர் இருக்கறதாலதான்...” முடிக்காமலே கைகளைக் கூப்பினார்.

“அட, என் கடமைதானே மாஸ்டர்.”

காருக்குள் ஒரு காலை வைத்த அதிகாரி, ஏதோ நினைத்துக்கொண்டு நின்றார். சுற்றுமுற்றும் பார்த்தார். குரல் இறங்கியது.

“என் பேத்தி இங்கதான் ஏ பிரிவுல படிக்கிறா. அவளுக்குக் கொஞ்சம் மென்மையான தோல். திங்கட்கிழமை எல்லாரையும் கலந்து இறக்கறதுக்கு முன்னாடி, அவளை மட்டும் தனியா முதல்ல இறக்கி ஏத்திடுங்க, என்ன?”