வந்த பிறகு

பஞ்சு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மைதானத்தின் அந்தக் கோடியில், வேலி ஓரமாக, எதையோ மிக அக்கறையாக முகர்ந்துகொண்டிருந்தது. இந்தக் கோடியில் டோக்கன் அக்கா கைகளைப் பிசைந்துகொண்டு நின்றாள். ஒரு தடவைதான் கூப்பிட வேண்டும் என்பது வகுப்பின் விதி. கூப்பிட்டாகிவிட்டது.

கன்னங்கரேலென்ற நாய். அதற்குப் பஞ்சு என்று பெயர். வைத்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

டோக்கன் அக்காவுக்கு அந்தப் பெயர் வந்ததில் ஒரு மர்மமும் இல்லை. மைதானத்தை ஒட்டிய பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுப்பவள் அவள்தான். தாமதமாக வருகிறவர்களை அவள் கேட்கிற கேள்வியில் பாதிப் பேருக்குப் பல்வலியே மறந்துபோகும்.

நாய் வளர்க்கப் புதிதாக ஆரம்பித்தவர்களுக்கான வகுப்பு அது. இன்று கடைசி நாள். உட்கார், படு, காத்திரு எல்லாவற்றிலும் பஞ்சு சமர்த்து. ‘வா’ என்றால் மட்டும் வாரா வாரம் மானத்தை வாங்கியது.

அதன்மேல் பழி போடுவதும் நியாயமில்லை. முதல் நாள் அது வரத்தான் செய்தது. மைதானத்தையெல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு, கொஞ்சம் தாமதமாக, வாலை ஆட்டிக்கொண்டு ஆசையாக வந்தது.

அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்: “துரைக்கு இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?”

சத்தியமாகச் செல்லமாகத்தான் கேட்டாள். பாசம் வந்தால் அவள் வாயில் அப்படித்தான் வரும்.

வால் நின்றது. காதுகள் படிந்தன. எட்டினால் தொட்டுவிடலாம் என்கிற தூரம் வரை வந்த நாய், அப்படியே பின்வாங்கிப் போய்விட்டது.

எல்லோரும் சிரித்தார்கள். பயிற்சி கொடுக்கிற பெண் மட்டும் சிரிக்கவில்லை. கத்திக் கத்திக் கட்டிப்போன குரலில் அவள் சொன்னாள்.

“எவ்வளவு லேட்டா வந்தாலும் சரி, வந்ததுக்கு மட்டும் திட்டாதீங்கக்கா. போனதுக்குத் திட்டுறீங்கன்னு அதுக்குத் தெரியாது. வந்ததுக்குத்தான்னு நெனச்சுக்கும். அடுத்த தடவ வராது.”

மற்றவர்கள் தலையாட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்கள். டோக்கன் அக்கா மட்டும் அதை வாய்க்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள்.

அன்றிலிருந்து இந்த ஒன்றோடுதான் மல்லுக்கட்டுகிறாள். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே இருப்பாள், நாய் பக்கத்தில் வந்ததும் வாய் முந்திக்கொள்ளும். வேறு எது வராவிட்டாலும் இது வந்தாக வேண்டும். அதுவும் இன்றைக்குள்.

வேலி ஓரத்தில் பஞ்சு தலையைத் தூக்கியது. போனால் போகிறது என்பது போல ஆடி அசைந்து கிளம்பியது. வழியில் ஒரு மரம், அதை விசாரித்தது. யாரோ கழற்றிப் போட்டிருந்த செருப்பு, அதையும் விசாரித்தது. தண்ணீர் வாளியில் நிதானமாக நாலு வாய் குடித்தது.

அவளுக்குள் அந்தக் கேள்வி கிளம்பிவிட்டது. நெஞ்சிலிருந்து கழுத்துக்கு, கழுத்திலிருந்து நாக்கு நுனிக்கு. பல்லைக் கடித்தாள்.

சொல்லிக் கொடுத்தபடி முழங்காலை மடித்துக் குனிந்தாள். கைகளை விரித்தாள்.

பஞ்சு ஒரு கணம் தயங்கியது. பிறகு வந்தது.

“வந்துட்டியா கண்ணா,” என்றாள். அதற்கு மேல் ஒரு சொல் சொல்லவில்லை.

நாய் அவள் தோளில் மோவாயைச் சாய்த்தது. எல்லோரும் கைதட்டினார்கள். டோக்கன் அக்கா குலுங்கிக் குலுங்கி அழுதாள். ஒரு நாய் வந்ததற்கு இவ்வளவு அழுகையா என்று பயிற்சிப் பெண்ணே கொஞ்சம் பயந்துபோனாள்.

வீடு திரும்பியதும் கீழ்வீட்டு மணியை அடித்து, பஞ்சுவை அதன் சொந்தக்காரியிடம் ஒப்படைத்தாள்.

கைக்குழந்தையை வைத்துக்கொண்டு திண்டாடுகிறவள் அந்தப் பெண். நாய் என்றாலே காத தூரம் ஓடுகிற மாடிவீட்டு அக்கா, தானாக வந்து நாயைக் கேட்டு வாங்கி வகுப்புக்குக் கூட்டிப்போனது ஏன் என்று அவளுக்கு இன்றுவரை விளங்கவில்லை. இதற்கு முந்தைய வகுப்பில் ‘வந்ததுக்குத் திட்டாதீங்க’ என்று பயிற்சிப் பெண் கத்தியது டோக்கன் ஜன்னல்வரை கேட்டது அவளுக்கு எப்படித் தெரியும்? நன்றி சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

டோக்கன் அக்கா மாடிக்குப் போய் சோப்புப் போட்டுக் கைகளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். பிறகு அடுப்பைப் பற்ற வைத்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்குத் தம்பி வருவதாகச் சொல்லியிருந்தான்.

அம்மா போன பிறகு அவள் ஊட்டி வளர்த்த தம்பி. போன தடவை வெகுநாள் கழித்து வந்தவனை வாசலிலேயே வைத்து அந்தக் கேள்வியைத்தான் கேட்டாள். அவன் சிரித்தான். ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தான். அதன் பிறகு பல வருஷங்களாக அவனுக்கு வேலை ஒழியவே இல்லை.

மத்தியானம் போயிற்று. குழம்பு ஆறியது. சூடாக்கினாள், மறுபடி ஆறியது. விளக்குப் போடுகிற நேரத்தில் மணி அடித்தது.

கதவைத் திறந்தாள். அவன்தான். காதோரம் நரைத்திருந்தது.

நாக்கு நுனியில் அது வந்து நின்றது. பல்லைக் கடித்தாள். கைகளை விரித்தாள்.

“வந்துட்டியா கண்ணா.”

அவன் வாசலிலேயே, செருப்பைக் கழற்றாமல், தலையைக் குனிந்துகொண்டு, மீதியைக் கேட்பதற்காக நின்றான்.

நின்றுகொண்டே இருந்தான்.

மீதி வரவில்லை என்று தெரிந்த பிறகுதான், மெல்லக் குனிந்து செருப்பைக் கழற்றினான்.