கோணல் தையல்

"பாய், இது ரொம்ப நல்லா இருக்கு. எனக்கு வேணாம்."

ஸ்வர்ணலதா ஆர்கனைசரைத் தையல் மிஷின் மேலேயே போட்டாள். சமையலறைச் சுவரில் மாட்டுவதற்காகத் தைத்தது. கரண்டிக்கு, லைட்டருக்கு, கத்திரிக்கோலுக்கு என்று எட்டு பாக்கெட். தையல் ஒவ்வொன்றும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி இருந்தது.

தேனாம்பேட்டைச் சந்தில் முப்பது வருஷமாகக் கடை வைத்திருக்கும் டெய்லர் ஹபீபுர் ரஹ்மானுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நல்லா கீதுன்றீங்க, வேணான்றீங்க. இந்த வாரம் பூரா இதே வேலைதான் ஓடிக்கினு கீது, யாரும் கொறை சொல்லலியே! உங்களுக்கு இன்னாம்மா கொறை?"

"கொறையே இல்ல பாய், அதான் கொறை. கொஞ்சம் கோணலா தைச்சுக் குடுங்க."

விஷயம் இதுதான். அபிராமபுரத்தில் அவள் குடியிருக்கும் ஃப்ளாட்ஸில் பெண்கள் தினத்துக்கு ஒரு போட்டி. சமையலறைக்கு ஆர்கனைசர், சொந்தக் கையால் தைத்ததாக இருக்க வேண்டும். மகளிர் குழுச் செயலாளரே ஸ்வர்ணலதாதான். ஆனால் போன தீபாவளிக்கு அவள் 'வீட்டில் செய்த' மைசூர்பாகு டப்பாவின் அடியில் கடை ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்ததை, மூன்றாம் மாடி தங்கபுஷ்பம் எல்லோருக்கும் தூக்கிக் காட்டி மானத்தை வாங்கிவிட்டாள். இந்தத் தடவையும் மாட்டினால் பதவி போச்சு. சட்டைக்குப் பட்டன் தைக்கத் தெரியாதவள் இப்படிப்பட்ட தையலைக் கொண்டுபோய் நிறுத்தினால் எவள் நம்புவாள்?

பாய் முயன்றுதான் பார்த்தார். பிரித்துத் தைத்தார், நேராக வந்தது. கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தைத்தார். அப்போதும் நேராகவே வந்து தொலைத்தது. "கை கேக்க மாட்டேங்குதும்மா" என்று நெற்றியைத் துடைத்துக்கொண்டார். கடைசியில் எழுந்து ஸ்டூலை அவள் பக்கம் தள்ளினார்.

"வேற துணி வெட்டி வச்சிக்கீறேன். எந்த மாதிரி கோணல் வேணும்னு நீங்களே போட்டுக் காட்டுங்க. அப்பால அதைப் பிரிச்சுட்டு, அதே மாதிரி நான் போட்டுத் தரேன்."

ஸ்வர்ணலதா உட்கார்ந்தாள். நூல் சிக்கியது, ஊசி உடைந்தது, காலை வைத்தால் மிஷின் பின்பக்கமாக ஓடியது. பாயோ பக்கத்தில் நின்று, "அடுத்த பாக்கெட்டுக்கு எப்படி வேணும், அதையும் காட்டுங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எழுந்தபோது அவளுக்கு இடுப்பு கழன்றுவிட்டது. மறுநாள் பார்சலைப் பிரித்துப் பார்த்ததும் ஒரே சந்தோஷம். அடேயப்பா, என் கோணலை அப்படியே காப்பி அடித்திருக்கிறாரே மனுஷன்!

போட்டியன்று ஹாலில் கயிறு கட்டி ஆறு ஆர்கனைசர்களை வரிசையாக மாட்டியிருந்தார்கள். நடுவராக வந்த ரிடையரான தையல் டீச்சர், இரண்டு தடவை சுற்றி வந்துவிட்டு ஸ்வர்ணலதாவுடையதன் முன்னால் நின்றார். "இதுலதான் தைச்சவங்க பட்ட பாடு தெரியுது. முதல் பரிசு இதுக்குத்தான்."

கைதட்டல் அடங்கவில்லை, தங்கபுஷ்பம் எழுந்துவிட்டாள். "நீங்களே தைச்சதா ஸ்வர்ணா? எங்க, கற்பகாம்பாள் மேல சத்தியம் பண்ணுங்க பாக்கலாம்."

புருஷன் மேல் பண்ணச் சொல்லியிருந்தால் ஸ்வர்ணலதா கண்ணை மூடிக்கொண்டு பண்ணியிருப்பாள். வெள்ளிக்கிழமை தவறாமல் போய் நிற்கிற கற்பகாம்பாள் மேல் எப்படிப் பண்ணுவது? "நான் தைக்கல. டெய்லர்கிட்ட குடுத்தேன்" என்று அழுதேவிட்டாள்.

முதல் பரிசு தங்கபுஷ்பத்துக்குப் போயிற்று. செயலாளர் பதவியும் கையோடு அவளுக்கே போயிற்று. "நேர்மைன்னா என்னன்னு இனிமேலாவது கத்துக்கோங்க" என்று மைக்கில் உபதேசம் வேறு.

மறுநாள் காலை கடைக்குப் போய், நடந்ததையெல்லாம் பாயிடம் கொட்டித் தீர்த்தாள். ஹாலில் எடுத்த படத்தையும் செல்லில் காட்டினாள். "உங்க தையல் ஜெயிச்சுது பாய். நான்தான் தோத்துட்டேன்."

பாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, படத்தைப் பெரிசாக்கி, ஆறையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு மெதுவாகச் செல்லைத் திருப்பிக் கொடுத்தார்.

"நீங்க அவ்ளோ கஷ்டப்பட்டுப் போட்டதைப் பிரிக்க மனசு வரலம்மா. அப்படியே பார்சல் கட்டிக் குடுத்துட்டேன்."

"ஐயோ பாய்! அப்போ..."

"இந்த ஆறுல நான் தைக்காதது உங்களுது ஒண்ணுதாம்மா."