எட்டு செகண்ட்

"புது எஸ்.எஸ்.டி. டிஸ்க் போட்டும் டைம் ஆபீஸ் கம்ப்யூட்டர் தினம் பத்து நிமிஷம் லேட்டாதான் ஆன் ஆகுது!" என்று மேனேஜர் போனில் கத்தினார்.

கம்ப்யூட்டர் மெக்கானிக் சுபாஷ் மறுநாள் விடியும் முன்பே ஒரகடம் கம்பெனிக்கு ஓடினான். கேபிளைக் கழற்றி மாட்டிப் பார்த்தான். எட்டே செகண்டில் ஆன் ஆனது!

"சூப்பரா கீது!" என்று ஆஃப் செய்தான். "மணி ஆறு, ஷிஃப்ட் டைம் ஆச்சு. இப்போ நீ ஆன் பண்ணும்மா."

அட்டெண்டன்ஸ் எடுக்கும் ஜோதி சுவிட்சைத் தொடவில்லை. கேட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆறு பத்துக்கு வடக்குப்பட்டிலிருந்து வரும் கம்பெனி பஸ் முக்கி முனகி உள்ளே வந்தது.

"வந்துட்டாங்க!" ஜோதி துள்ளிப்போய் சுவிட்சைத் தட்டினாள். "சிஸ்டம் லேட்டானா, அம்பது பேர்ல ஒருத்தருக்கும் லேட் மார்க் விழாதுண்ணா!"

மேனேஜர் லைனில் வந்தார். "இன்னாப்பா, ரிப்பேர் எதுலன்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுபோச்சு சார்! கம்ப்யூட்டர்ல ஒண்ணுமில்ல. வடக்குப்பட்டு பஸ்ஸுக்குத்தான் புது இன்ஜின் போடணும்!"