வெறும் வாயு

"வாயுன்னு சொன்னவன் யாருங்க டாக்டர்? ஒரு உசுரோட வெளையாடியிருக்கான். அவனை விடமாட்டேன்."

மருதை போட்ட சத்தத்தில், தில்லை நகர் ஆஸ்பத்திரியின் ஸ்கேன் பிரிவில் காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். தலைச்சுமைக் கூடையில் தொடங்கி ஸ்ரீரங்கத்தில் சொந்தப் பூ மண்டி வரைக்கும் வாயாலேயே ஏறி வந்த மனுஷர் அவர்.

டாக்டர் மாதுரி கம்ப்யூட்டரில் மருதையின் மனைவி பாப்பாயியின் இதயத்தை முழு உருவமாகச் சுழற்றிக் காட்டினார். மேலே தடிப்பாக ஓடிவந்த ரத்தக்குழாய் ஓரிடத்தில் பூ கட்டும் நாராக இளைத்திருந்தது.

"எண்பத்தஞ்சு சதவீதம் அடைப்பு."

"எழுபதுன்னு வெச்சுக்கலாமே?" பழக்கதோஷம், மருதையின் வாய் முந்திக்கொண்டது.

"இது மண்டி இல்லீங்க. இன்னைக்கே அட்மிட் பண்ணி ஸ்டென்ட் வைக்கணும். ரெண்டு வருஷமா வலிச்சிருக்கு. நேத்து பஸ்ஸுல மயங்கி விழுந்தப்ப அந்தக் கண்டக்டர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டாரலேன்னா இந்தப் படமே எடுத்திருக்க மாட்டோம். கேட்டா, 'வாயுன்னு சொன்னாங்க'ங்கிறாங்க."

மருதை மனைவி பக்கம் திரும்பினார்.

"யாரு புள்ள சொன்னது? மருந்துக்கடைக்காரனா? கம்பவுண்டரா? பேரச் சொல்லு. சட்டையப் புடிச்சு இழுத்தாந்து இங்க நிறுத்துறேன்."

பாப்பாயி ஊசி போட்ட இடத்துப் பஞ்சை அழுத்திக்கொண்டு படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஸ்கேனுக்கு மருந்து ஏத்தியிருக்கும்மா. நெறையத் தண்ணி குடிங்க" என்றார் டாக்டர்.

"சோடா வாங்கியாரவா?" என்றார் மருதை.

"வேணாம்" என்றாள் பாப்பாயி.

டாக்டர் ஸ்டென்ட் வைப்பதற்கான சம்மதப் படிவத்தை நீட்டினார். மருதை பேனாவை வாங்கினார். மூடியைத் திறக்கவில்லை.

"வைகாசி முகூர்த்தம் நடக்குதுங்க. புதன்கிழமை வரைக்கும் மண்டிய விட்டு நகர முடியாது. ஒரு நாலு நாள் தள்ளிப் போடலாமா? சரி, மூணு?"

பாப்பாயி டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"நான் நெஞ்சப் புடிச்சுக்கிட்டு உக்கார்றப்பல்லாம், 'வெறும் வாயுதான், குடி'ன்னு ஒருத்தர் சோடாவ ஒடச்சு நீட்டுவாரு டாக்டர். ஏப்பம் வந்தா நிம்மதியா மண்டிக்குப் போயிடுவாரு. வரலேன்னா, நடிக்கிறேன்னு திட்டுவாரு. அதனால ஏப்பத்த நானே வரவழைக்கப் பழகிக்கிட்டேன்."

மருதை தலை குனிந்தார்.

"சட்டையப் புடிச்சு இழுத்தார வேண்டியதில்ல. அந்த ஆளு பேனாவோட இங்கதான் நிக்கிறாரு. இப்பவாவது கையெழுத்தப் போடச் சொல்லுங்க."