சாப்பிட்ட பிறகுதான் அளவு

"ஒரு சாறிச் சட்டைக்கு அஞ்சு தரம் அளவோ?"

பஸ்ஸால் இறங்கிய வேகத்திலேயே டிலோஜினி தையல் கடைக்குள் பாய்ந்தாள். "கத்தாதையடி, ஆக்கள் பாக்கினம்" என்று ரஜிதா பின்னாலிருந்து கையைப் பிடித்து இழுத்தாள்.

கம்பஸ் லீவில் தன் ஊரான தோட்டவெளிக்கு வந்திருக்கும் டிலோஜினிக்கு அநியாயம் கண்ணில் பட்டால் பொறுக்காது. பக்கத்து வீட்டு ரஜிதா அக்கா திருநங்கை. பதினொரு வருசமாய்க் கதவைச் சாத்தி வைத்திருந்த வீட்டார், தம்பியின் கலியாணத்துக்கு "சாறி உடுத்துக்கொண்டே வா" என்று சொல்லிவிட்டார்கள். இன்னும் மூன்றே நாள். சட்டையைக் காணோம்.

"உண்மையைச் சொல்லுங்கோ ராத்தா. அவ திருநங்கை எண்டபடியால்தானே அலைக்கழிக்கிறீங்கள்?"

தையல்காரி பாத்தும்மா ஊசியில் நூல் கோத்தபடியே நிமிர்ந்தாள்.

"அளவு பிழைச்சுப் போச்சு புள்ள. ரஜிதா, முதல்ல சாப்பிடுங்க. வெறும் வயித்துல நான் அளவெடுக்கிறதில்ல. கலியாணச் சோறு திண்ட கையோட கொக்கி தெறிச்சா ஆருக்கு வெக்கம்?"

"பசியில்லை ராத்தா."

"அப்ப எனக்கும் அளவு நாடாவை எங்க வச்சனெண்டு ஞாபகமில்ல."

ரஜிதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முனகி முனகியே பாத்தும்மா போட்டுக் கொடுத்த புட்டையும் மீன் சொதியையும் முடித்துவிட்டுக் கை கழுவப் பின்பக்கம் போனாள்.

"சாப்பாடு போட்டுச் சமாளிக்கப் பாக்கிறீங்களோ? நான் முறைப்பாடு குடுப்பன்!"

பாத்தும்மா மேசை லாச்சியை இழுத்தாள். உள்ளே மயில் நீலச் சட்டை, கொக்கி வரை தைத்து, மடித்துக் கிடந்தது.

"மெல்லப் பேசுங்க. இது முடிஞ்சு மூண்டு நாள். ரெண்டு விரல் கூட விட்டுத்தான் தச்சிருக்கன். முதல் நாள் அளவெடுக்கக்குள்ள இந்தக் கதிரையிலயே மயங்கிட்டா. ஒரு மாசமா பிளேன்ரீயும் பிஸ்கற்றும்தானாம். அதான், பிழை பிழை எண்டு சொல்லித் தினமும் வரவச்சுச் சாப்பாடு குடுக்கிறன்."

டிலோஜினியின் கோபம் சட்டென்று வேறு பக்கம் திரும்பியது.

"ஆர் அவவைப் பட்டினி கிடக்கச் சொன்னது? ஆளைக் காட்டுங்கோ, நான் போய்க் கிழிக்கிறன்!"

"கிடக்கச் சொல்லல்ல. பாராட்டித்தான் எழுதியிருக்கு. பேஸ்புக்கில, அவட படத்துக்குக் கீழ, 'மெலிஞ்ச பிறகுதான் அக்கா அசல் பொம்பிளை மாதிரி' எண்டு. சந்தோசமா எனக்குக் காட்டினா."

பாத்தும்மா ஒரு கோப்பையில் புட்டைப் போட்டு டிலோஜினி பக்கம் தள்ளினாள்.

"இருங்க, நீங்களும் சாப்பிடுங்க. எழுதின ஆள்ட படமும் பக்கத்தில கிடந்திச்சு. உங்கட முகந்தான் புள்ள."